நெற்றி தெரியாத படம்

அந்தப் படம் வீட்டுக்குள் வந்த நாளிலிருந்தே எனக்கு அதன்மேல் நம்பிக்கை இல்லை. என் வீட்டுக்காரர் அதைப் பழைய திரைச்சீலையில் சுற்றி, சிக்ளோ என்கிற மிதிவண்டி ரிக்‌ஷாவில் மடிமேல் வைத்து, காய்ச்சல்காரப் பிள்ளையைக் கூட்டிவருவதுபோல அலுங்காமல் கொண்டுவந்தார். வண்டி நின்றதும் சிக்ளோக்காரனைக்கூடத் தொடவிடாமல் தானே இறக்கினார். அவர் எனக்காக ஒரு நாளும் அப்படி எதையும் கொண்டுவந்ததில்லை. அதுவே முதல் சந்தேகம்.

“என்னாங்க இது?”

“துரை குடுத்தது. பத்திரமா வச்சிருக்கச் சொல்லியிருக்காரு. திரும்பி வந்து வாங்கிக்குவாராம்.”

துரை என்றால் அவர் வேலை பார்த்த பிரெஞ்சுக் கம்பெனியின் மேலாளர். பிரெஞ்சுப் படை மூட்டை கட்டிக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. சைகோனில் அப்போது திரும்பி வருவேன் என்று சொன்ன வெள்ளைக்காரர்கள் எல்லோரும் கரண்டி முதல் கட்டில் வரை ஏற்றிக்கொண்டுதான் போனார்கள். திரும்பி வருகிறவன் இந்த ஒரு சாமானை மட்டும் ஏன் விட்டுப்போகிறான் என்று கேட்டேன். “உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்” என்றார் அவர்.

திரைச்சீலையை அவிழ்த்ததும் என் சந்தேகம் குறையவில்லை, கூடியது. இரண்டு கை அகலம். கொத்தனார் கரண்டியால் சுண்ணாம்பை அப்புவதுபோலச் சாயத்தை அப்பியிருந்தார்கள். அழுக்கு வெள்ளை, சாம்பல், அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கறுப்புக் கோடுகள், ஓரத்தில் துருப்பிடித்த நிறத்தில் இரண்டு பட்டை. ஆள் இல்லை, மரம் இல்லை, ஒரு மாடுகூட இல்லை. பின்பக்கம் வரைந்தவன் பெயரும் பாரீஸ் முகவரியும் மட்டும் மையில் எழுதியிருந்தது. காரைக்காலில் கன்னியர் பள்ளிக்கூடத்தில் படித்ததால் எனக்குப் பிரெஞ்சு தெரியும். ரகசியமாக எதுவும் எழுதியிருக்கிறதா என்று மூன்று முறை படித்தேன்.

வரைந்தவர் துரையின் நண்பராம். சண்டைக்குப் போய் வந்தவராம். வந்த பிறகு மனித முகத்தை வரைய அவருக்குக் கை வரவில்லையாம், அதனால் இப்படி வரைகிறாராம். இதைத் துரை சொல்ல, என் வீட்டுக்காரர் கண் கலங்கி என்னிடம் சொன்னார். முகம் வரையத் தெரியாதவன் சொல்லும் நல்ல சாக்கு என்று நினைத்துக்கொண்டேன். தினமும் பொறுமையாகப் பார்த்தால் அதுவே நமக்கு ஏதாவது சொல்லும் என்றும் துரை சொல்லியிருந்தாராம். நானும் பார்த்தேன். காலையில் அரிசி களைந்துகொண்டே பார்த்தேன், மத்தியானம் கறி நறுக்கிக்கொண்டே பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் அவர் வேலைக்குப் போனதும் ஆணியிலிருந்து எடுத்துத் தலைகீழாக மாட்டிவைத்தேன். மூன்று நாள் அப்படியே தொங்கியது. அவர் கவனிக்கவில்லை. நானே திருப்பி மாட்டினேன்.

ஆனால் அதைத் தொடக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். துடைக்கக் கூடாது, ஈரத்துணி கூடாது, அடுப்புப் புகை படக் கூடாது. சொன்னதைக் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கல்யாணமாகி வந்த புதிதில் அவருடைய மைப்பேனாவைச் சுத்தம் செய்கிறேன் என்று முள்ளை வளைத்துவிட்டேன். சந்து முழுக்கக் கேட்கும்படி திட்டினார். அதற்குப் பிறகு நாலு நாள் பேச்சே இல்லை. காரைக்காலாக இருந்தால் பக்கத்து வீட்டில் போய் அழுதிருப்பேன். இங்கே சந்தில் எல்லோரும் வியட்நாமியர். எனக்கு அப்போது அவர்கள் பாஷையில் காய் வாங்கத் தெரியும், வழி கேட்கத் தெரியும், அவ்வளவுதான். அவர் பேசாவிட்டால் எனக்கு உலகத்தில் பேச ஆள் இல்லை. அந்த நாலு நாளும் நான் பல்லியோடு பேசினேன். அவர் நல்ல மனிதர், கை நீட்டியதே இல்லை. ஆனாலும் அந்த மௌனத்துக்கு நான் நடுங்கினேன்.

ஆயுத பூசை வந்தது. சைகோனில் மழைக்காலம். கம்பெனிக்கு நம்முடைய பூசைக்கெல்லாம் லீவு கிடையாது, அவர் வேலைக்குப் போய்விட்டார். நான் பென் தான் என்கிற பெரிய சந்தைக்குப் போய்ப் பூ வாங்கி, பக்கத்தில் மாரியம்மன் கோயிலில் கும்பிட்டு, பிரசாதக் குங்குமத்தை மடித்து எடுத்துக்கொண்டு வந்தேன். எங்கள் வீட்டுப் பழக்கம், அன்றைக்கு வீட்டில் இருக்கிற எந்தச் சாமானையும் விடக் கூடாது. அரிவாள்மணை, அம்மி, தையல் மெஷின், அவருடைய சைக்கிள், ரேடியோ, கதவு, எல்லாவற்றுக்கும் சந்தனம் குழைத்து வைத்து அதன்மேல் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தேன். கடைசியில் கூடத்தில் நிமிர்ந்து பார்த்தால் அந்தப் படம் மட்டும் மிச்சம்.

விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் எனக்குப் பிடிக்காத சாமான் அது, அதுதான் சிக்கல். பிடித்ததை விட்டால் மறதி என்று சொல்லிக்கொள்ளலாம். பிடிக்காததை விட்டால் வேண்டுமென்றே விட்டதாக ஆகிவிடும். அது என்ன, யாருடையது, என்ன குணம் என்று தெரியாத ஒன்றைப் பகைத்துக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை. பார்த்தால் சந்தனமும் இல்லை, குங்குமமும் தீர்ந்துபோயிருந்தது.

பக்கத்து வீட்டில் ஒரு வியட்நாமியப் பெண் இருந்தாள். பெரிய தெருவில் துணிக்கடையில் தைக்கிறவள், வேலைக்குப் போகும்போது உதட்டுச் சாயம் பூசிக்கொள்வாள். ஜன்னல் வழியாகக் கூப்பிட்டு, என் நெற்றியையும் அவள் உதட்டையும் தொட்டுக் காட்டிக் கேட்டேன். தேய்ந்துபோன உதட்டுச் சாயத் துண்டு ஒன்றை நீட்டினாள். அதை எடுத்துக்கொண்டு முக்காலியில் ஏறினேன்.

ஏறிய பிறகுதான் புரிந்தது, எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மெஷினுக்குக்கூட நெற்றி இருக்கிறது, பார்த்தால் தெரியும். கதவுக்குத் தெரியும், அம்மிக்குத் தெரியும். இதற்கு எது நெற்றி? மேலே இருப்பதுதான் மேல்பக்கம் என்று எப்படி நம்புவது? நானே தலைகீழாக மாட்டிப் பார்த்தவள்தானே. ஒரே இடத்தில் வைத்து அது காலாக இருந்துவிட்டால் பாவம் வேறு. அதனால் எங்கெல்லாம் நெற்றி மாதிரி தெரிந்ததோ அங்கெல்லாம் வைத்தேன். மொத்தம் ஏழு பொட்டு. மனசு நிம்மதியாகிக் கீழே இறங்கி, சாயத் துண்டை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

சாயங்காலம் அவர் வருவதற்குள் அதைத் துடைத்துவிட வேண்டும் என்று ஈரத்துணியை எடுத்தேன். உதட்டுச் சாயம் போகிறதா என்ன! சாயம் அப்பிய மேடு பள்ளத்தில் நன்றாக உட்கார்ந்துவிட்டது. இன்னும் தேய்த்தால் படம் கெட்டுப்போகும் என்று பயந்து விட்டுவிட்டேன். வந்தவர் சைக்கிளைப் பார்த்தார், ரேடியோவைப் பார்த்தார், சுண்டல் சாப்பிட்டார். படத்துக்கு முதுகைக் காட்டி உட்காருவதுதான் அவர் வழக்கம். அன்றும் அப்படியே உட்கார்ந்தார். நான் தப்பித்தேன்.

ஒரு மாதம் போயிருக்கும். மற்ற சாமான்களில் வைத்த குங்குமம் உதிர்ந்தும் துடைத்தும் போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வட்டாரத்தைச் சோதிக்கிற போலீஸ்காரர்கள் வந்தார்கள். வீட்டில் எத்தனை பேர், புது ஆள் யாராவது தங்கியிருக்கிறார்களா என்று அடிக்கடி பார்ப்பார்கள். புது அரசாங்கத்துக்கு எல்லோர் மேலும் சந்தேகம். காட்டில் மறைந்திருந்த கம்யூனிஸ்டுகள்மேல், பிரிந்து நின்று சண்டை போட்ட கூட்டங்கள்மேல், அவர்களுக்குப் பின்னாலிருந்து பிரெஞ்சுக்காரன்தான் ஆட்டுகிறான் என்று பிரெஞ்சுக்காரன்மேல், அவனுக்கு வேலை பார்த்த எங்களைப்போன்ற புதுச்சேரி, காரைக்கால் ஆட்கள்மேல்.

குடும்ப அட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பிய ஒருவன் படத்தின் முன்னால் நின்றான். இன்னொருவனைக் கூப்பிட்டான். இருவரும் கறுப்புக் கோடுகளை விரலால் தொடர்ந்து, பொட்டுகளை எண்ணினார்கள். இடுப்பில் துப்பாக்கி வைத்திருந்த ஒருவன் பிரெஞ்சில் கேட்டான்.

“இந்தச் சிவப்பு அடையாளங்களை வைத்தது யார்?”

என் வீட்டுக்காரர் அப்போதுதான் அவற்றை முதல்முறையாகப் பார்த்தார். முகம் மாறியது. அவன் விரல் நுனியால் ஒன்றைத் தேய்த்து முகர்ந்தான். “உதட்டுச் சாயம்” என்றான். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டான்: “யார்?”

நான் சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம்தான். ஆனால் எனக்கு அப்போது அந்தத் துப்பாக்கி கண்ணில் படவில்லை. பக்கத்தில் நின்ற அவர் முகம்தான் தெரிந்தது. தொடாதே என்று சொன்னதைத் தொட்டிருக்கிறேன். துரையின் சாமானைக் கெடுத்திருக்கிறேன். இத்தனை பேர் எதிரில் அது வெளியே வந்தால் எத்தனை நாள் மௌனமோ.

“எனக்குத் தெரியாது” என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இவ்வளவு காலம் கழித்தும் அந்தப் பார்வை எனக்கு நினைவிருக்கிறது. நான் பொய் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். பிறகு அவர்களிடம் நிதானமாகச் சொன்னார்: “நான்தான்.”

எதற்கு என்று கேட்டார்கள். “சும்மா” என்றார். படத்தையும் அவரையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மூன்று நாள் நான் வாய் திறக்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை. முதல் நாள், விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் கோயிலுக்குப் போனேன். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நம்மவர்கள் இருவர் மெதுவாக எழுந்து தூணுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். சுருட்டு வியாபாரி ஒருவர் மட்டும் நின்று, “பேசாம இரும்மா, நாம வாயைத் திறந்தா நம்மளையும் சேர்த்துப் புடிப்பான்” என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார். மூன்றாம் நாள் எனக்கு எல்லோர் மேலும் சந்தேகம் வந்தது. துரை வேண்டுமென்றே எங்களை மாட்டிவிட்டாரோ என்று தோன்றியது. பக்கத்து வீட்டுப் பெண்தான் போய்ச் சொல்லியிருப்பாள், சாயத்தைக் கொடுத்தவள் அவள்தானே என்று தோன்றி ஜன்னலைப் படாரென்று சாத்தினேன். ஊரையெல்லாம் சந்தேகப்பட்டுத் தீர்த்த பிறகு, மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான்.

நாலாம் நாள் காலையில் அதே ஜன்னலைத் திறந்து அவளைக் கூப்பிட்டேன். உதட்டைத் தொட்டுக் காட்டினேன். என்ன நினைத்தாளோ, அந்தத் துண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடினாள். பிறகு தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, சந்து முனையில் சிக்ளோ பிடித்து, போலீஸ் கட்டடத்தின் வாசல் வரை என்னோடு வந்தாள். உள்ளே வரவில்லை. எதிரே மரத்தடியில் நின்றாள். அவளையும் முந்தின நாள் சந்தேகப்பட்டேனே என்று எனக்கு அழுகை வந்தது.

அதிகாரி நடுவயதுக்காரர், பிரெஞ்சுக்காரன் காலத்திலும் அதே வேலையில் இருந்தவர்போல அழகாகப் பிரெஞ்சு பேசினார். மேஜைமேல் படம் கிடந்தது. பக்கத்தில் நகரத்து வரைபடம். இந்தக் கறுப்புக் கோடு ஆறு, இது சீனர்கள் இருக்கும் ஷோலோன் பகுதிக்குப் போகும் வாய்க்கால், இது பாலம், பாலத்துக்குப் பக்கத்தில் இந்தச் சிவப்பு எதற்கு என்று கேட்டார். அவர் காட்டக் காட்ட எனக்கே அது ஆறுபோலத் தெரிந்தது. பயந்துபோனேன்.

“ஐயா, நீங்கள் தலைகீழாக வைத்திருக்கிறீர்கள்” என்றேன்.

“எது மேல் என்று உனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாது ஐயா. அதனால்தான் ஏழு வைத்தேன்.”

பூசையைச் சொன்னேன். சாமான்களைச் சொன்னேன். நெற்றியைச் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, “உன் புருஷன் தான் வைத்ததாகச் சொல்கிறான். நீ வைத்ததாக நீ சொல்கிறாய். அன்றைக்கு வீட்டில் தெரியாது என்றாய். மூன்றில் எதை நான் நம்புவது?” என்றார்.

கைக்குட்டையை அவிழ்த்து உதட்டுச் சாயத்தை எடுத்தேன். அவர் மேஜையில் டைப் மெஷின் இருந்தது. கேட்காமலே அதன் மேல்பட்டையில் நடுவாக ஒரு பொட்டு வைத்தேன். டெலிபோனுக்கு வைத்தேன். இரும்பு அலமாரிக்குக் கைப்பிடிக்கு மேலே வைத்தேன். வாசலில் நின்ற காவல்காரன் ஓர் அடி உள்ளே வந்தான். அதிகாரி கையை உயர்த்தி அவனை நிறுத்திவிட்டு, சுவரைக் காட்டினார். அங்கே அப்போது நாட்டை ஆண்ட தலைவரின் பெரிய படம் மாட்டியிருந்தது.

“அதற்கும் வை.”

நான் கையை இழுத்துக்கொண்டேன். “மாட்டேன் ஐயா. உயிரோடு இருக்கிறவர் படத்துக்கு வைக்கக் கூடாது. செத்துப்போனவர்களுக்குத்தான் வைப்போம்.”

அவர் என்னையே பார்த்தார். பிறகு குனிந்து மேஜைமேல் கிடந்த படத்தைப் பார்த்தார்.

“அப்படியானால் இதில் செத்தவர் யார்?”

“தெரியாது ஐயா. இதில் யாராவது இருக்கிறார்களா என்றே தெரியாது. எங்கள் வீட்டில் இருந்தது, அதனால் வைத்தேன்.”

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. ஒரு தாளில் எழுதச் சொன்னார், எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான் எழுந்தபோது தன் கைக்குட்டையால் டெலிபோனைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் நம்பினாரா, நம்பியதுபோல நடித்து எங்களைக் கவனிக்கச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான்.

மறுநாள் மத்தியானம் என் வீட்டுக்காரரை விட்டார்கள். படத்தைத் தரவில்லை. பின்னால் துரை அதைக் கேட்டுக் கடிதம் எழுதினார், காணாமல் போய்விட்டது என்று இவர் பதில் எழுதினார். பாரீஸில் அந்த மாதிரிப் படங்களைக் காட்சிக்கூடங்களில் காவல்போட்டு வைத்திருக்கிறார்கள் என்று பிற்காலத்தில் கேள்விப்பட்டேன். எங்கள் படத்தை அந்த அதிகாரி எந்தச் சுவரில், எந்தப் பக்கம் மேலாக மாட்டினாரோ.

இவர் வந்ததும் குளித்தார். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. யாரும் அடிக்கவில்லை என்றார். சோறு போட்டேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தலை நிமிராமல் பேசினார்.

“நீ பூசைக்கு வச்சேன்னு அதிகாரி சொன்னாரு. சரி. அன்னைக்கி ஏன் தெரியாதுன்னே?”

நான் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினேன்.

“உள்ள உக்காந்து அதயேதான் நெனச்சிக்கிட்டிருந்தேன். யாரோ உன்ன வச்சி வேலை வாங்குறாங்கன்னு நெனச்சேன். பக்கத்து வீட்டுக்காரி, காட்டுல உள்ளவங்க, என்னென்னமோ. சாயந்தரம் நான் வர்றதுக்குள்ள யாரு வந்துட்டுப் போறாங்கன்னு எல்லாம் யோசிச்சேன்.”

“என்னப் பத்தி அப்புடி நெனச்சிக்கிட்டா நான்தான்னு சொன்னீங்க?”

“அப்புடி நெனச்சதாலதான் சொன்னேன். நீ ஒண்ணும் பண்ணலன்னு நம்பியிருந்தா ரெண்டு பேருக்கும் தெரியாதுன்னு சொல்லிட்டு நின்னிருப்பேன். நீ மாட்டிக்கிட்டேன்னு நெனச்சேன்.”

என்னை வேவுகாரி என்றும் அதைவிட மோசமாகவும் நினைத்துக்கொண்டே என் இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறார். நான் ஒரு வாக்கியம் சொல்லப் பயந்து அவரை அனுப்பியிருக்கிறேன்.

“அப்ப யாருக்காகப் பொய் சொன்னே?” என்றார்.

“யாருக்காகவும் இல்லீங்க. நீங்க திட்டுவீங்கன்னு பயந்துட்டேன். தொடக் கூடாதுன்னு சொல்லியிருந்தீங்க. பேசாம இருந்துடுவீங்கன்னு.”

அவர் முதலில் புரியாதவர்போலப் பார்த்தார். கை சோற்றிலேயே இருந்தது.

“எதுக்க துப்பாக்கியோட நிக்கிறான். அவனுக்குப் பயப்படலே. எனக்கா பயந்தே?”

இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். அவருக்கு அது நன்றாகத்தான் இருந்திருக்கும்.

“ஆமாங்க” என்றேன்.

என்னைச் சந்தேகப்பட்ட அன்றுகூட அவர் முகம் அப்படி ஆனதில்லை. எழுந்து போய்விடுவார், இனி எத்தனை நாளோ என்று நான் எண்ணத் தொடங்கியபோது, எச்சில் கையோடு அங்கேயே உட்கார்ந்தபடி, சின்னக் குரலில், பைத்தியம்போல எதையெதையோ பேச ஆரம்பித்தார்: மழை, அரிசி, உள்ளே கொடுத்த கஞ்சி, ஜன்னல் கம்பி, சைக்கிளுக்குக் காற்று அடிக்க வேண்டும் என்பது. நிறுத்தினால் நான் பயந்துவிடுவேன் என்பதுபோல, குரல் உடைந்தும் நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தார்.